ஃபிஃபியின் வயிற்றுக்குள் முப்பது நிமிடம்

காசு குடுத்து ஒரு பழைய குண்டுவீச்சு விமானத்துல ஏறப் போறேன்னு அம்மாகிட்ட போன்ல சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏன்டா, உனக்கு நல்ல பிளேனே கிடைக்கலியா?"ன்னு ஒரே ஒரு கேள்வி. நியாயமான கேள்விதான். எனக்கு அப்போ சரியா பதில் சொல்லத் தெரியலை. இப்பவும் முழுசா தெரியாது. அதுக்காகத்தான் இதை எழுதிப் பார்க்கிறேன்.

மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டப் போன லட்சக்கணக்கான பேர்ல நானும் ஒருத்தன். கல்லூரியில் ஐ.சி. எஞ்சின் பாடத்துக்கு "ரேடியல் எஞ்சின்: படம் வரைந்து பாகங்களைக் குறி" என்கிற அளவில் எழுதி பாஸ் பண்ணினதோடு சரி. அந்த ரேடியல் எஞ்சின் நாலு, அதுவும் ஒவ்வொண்ணும் 18 சிலிண்டரும் 2,200 குதிரைத்திறனும் கொண்டது, என் காது பக்கத்துல ஓடப் போகுதுன்னா விடுவேனா? டேமேஜரிடம் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, டெக்சாஸில் ஒரு சின்ன விமான நிலையத்துக்கு விடியற்காலை நாலு மணிக்கே கார் எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். இது 2023இல்.

விமானத்தின் பெயர் ஃபிஃபி. போயிங் பி-29 சூப்பர்ஃபோர்ட்ரஸ் ரகம். மொத்தம் 3,970 செய்தார்கள். அவற்றில் இன்றைக்கும் பறக்கிற நிலையில் இருப்பது ரெண்டே ரெண்டு. ஒண்ணு ஃபிஃபி, இன்னொண்ணு கான்சாஸில் இருக்கிற டாக். டாக் 2016இல்தான் மறுபடி பறக்க ஆரம்பித்தது. அதற்கு முன்னால் பல வருஷங்கள் உலகத்துலயே பறக்கிற ஒரே பி-29 ஃபிஃபிதான்.

இவளோட கதையே ஒரு சினிமா. 1945இல் வாஷிங்டன் மாநிலத்தின் ரென்டன் தொழிற்சாலையில் பிறந்தவள். போர் முடியும் நேரத்தில் வந்ததால் யார் மேலயும் ஒரு குண்டு போட்டதில்லை. பயிற்சிக்கும் சில்லறை வேலைகளுக்கும் வைத்திருந்துவிட்டு 1958இல் ஓய்வு கொடுத்து, கலிபோர்னியா பாலைவனத்தில் சைனா லேக் கடற்படைச் சோதனைத் திடலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். எதுக்கு? ஏவுகணை விட்டுப் பழகுவதற்கு இலக்காக! வரிசையா நின்ற பி-29களில் பெரிசா அடிபடாத ஒன்றைப் பழைய விமானங்களைக் காப்பாற்றும் ஒரு தன்னார்வ அமைப்பு கேட்டு வாங்கி, அங்கேயே பாலைவன வெயிலில் வைத்துச் சரிசெய்து, 1971 ஆகஸ்டில் டெக்சாஸின் ஹார்லிஞ்சனுக்கு நிற்காமல் பறந்தே கொண்டுவந்தார்கள். ஆறரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். பதிமூணு வருஷம் வெயிலில் கிடந்த வண்டி! நம்ம ஊர்ல ரெண்டு மாசம் ஸ்டார்ட் பண்ணாத ஸ்கூட்டரையே மெக்கானிக் பார்த்து உச்சுக் கொட்டுவார். புரவலர் ஒருவருடைய மனைவியின் செல்லப் பெயரைத்தான் 1974இல் இவளுக்கு வைத்தார்கள்.

அப்புறம் 2006இல் எஞ்சின் தொல்லை தாங்காமல் தரையில் நிறுத்தி, ரெண்டு வேறு வகை ஆர்-3350 எஞ்சின்களின் பாகங்களைக் கலந்து புதுசா எஞ்சின் செய்து, 2010இல் மறுபடி பறக்கவிட்டார்கள். இந்த எஞ்சின் தொல்லை ஃபிஃபிக்கு மட்டும் உள்ளதில்லை, பி-29 குலத்துக்கே உண்டான பரம்பரை வியாதி. எடை குறையணும்னு எஞ்சின் பாகங்களில் மெக்னீசியம் கலவையைப் போட்டார்கள். மெக்னீசியம் எரிய ஆரம்பிச்சா என்ன ஆகும்னு பிளஸ் டூ வேதியியல் லேபிலேயே பார்த்திருப்பீர்கள். 1943 பிப்ரவரியில் ரெண்டாவது மாதிரி விமானம் எஞ்சின் தீப்பிடித்து, சியாட்டிலில் ஒரு இறைச்சித் தொழிற்சாலை மேல் விழுந்தது. தலைமைச் சோதனை விமானி எடி ஆலன் உட்பட விமானத்தில் இருந்த 11 பேரும் போனார்கள். தொழிற்சாலைக்குள் இருந்தவர்களில் இருபது பேர் அளவுக்கு. அப்படியும் திட்டத்தை நிறுத்தவில்லை. பி-29 திட்டத்துக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 300 கோடி டாலர். அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்துக்கே சுமார் 200 கோடிதான்! குண்டைவிட அதைத் தூக்கிட்டுப் போன வண்டிக்குச் செலவு ஜாஸ்தி.

சரி, அன்னிக்குக் காலைக்கு வருவோம்.

முதல் வேலை கையெழுத்து. இந்த மாதிரி விமானங்களுக்குச் சாதாரண பயணிகள் விமானத்துக்கான சான்றிதழ் கிடையாது. வரலாற்று அனுபவம் என்கிற பெயரில் அமெரிக்க விமானத்துறை தனி விலக்கு கொடுத்து, கட்டுப்பாடுகளோட காசு வாங்கி ஆள் ஏற்ற அனுமதிக்கிறது. ஆகவே "எனக்கு என்ன ஆனாலும் நானே பொறுப்பு" என்று பக்கம் பக்கமா எழுதிக் கொடுக்கணும். ரெண்டு விஷயம் அப்போ மண்டைக்குள் ஓடியது. 2019 அக்டோபர் 2ஆம் தேதி, கனெக்டிகட்டின் பிராட்லி விமான நிலையத்தில் நைன்-ஓ-நைன் என்கிற பி-17, இதே மாதிரி கட்டணப் பயணத்தில், விழுந்து எரிந்தது. உள்ளே 13 பேர். ஏழு பேர் இறந்தார்கள், அதில் அஞ்சு பேர் என்னை மாதிரி டிக்கெட் வாங்கினவர்கள். வலது பக்க எஞ்சின்களின் பராமரிப்பு சரியில்லை, சக்தி குறைந்தபின் விமானி வேகத்தைச் சரியாகக் கையாளவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. அடுத்த மார்ச்சில் அந்த அமைப்பின் அனுமதியே ரத்தானது. ரெண்டாவது, 2022 நவம்பரில் டல்லாஸ் விமானக் காட்சியில் ஒரு பி-17மும் ஒரு பி-63 போர் விமானமும் நடுவானில் மோதி ஆறு பேர் இறந்தது. அந்த ரெண்டு விமானமும் ஃபிஃபியை வைத்திருக்கும் அதே அமைப்பினுடையவை. நான் போனது அது நடந்து ஒரு வருஷம்கூட முழுசா ஆகாதபோது. அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லவில்லை. பேனாவைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றேன் என்பது மட்டும் நிஜம்.

கையெழுத்து போட்டேன்.

அடுத்து, எஞ்சினை எழுப்பும் சடங்கு. ரேடியல் எஞ்சின் ராத்திரி நின்றால் எண்ணெய் மெதுவா வடிந்து கீழ்ப்பக்க சிலிண்டர்களுக்குள் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினா பிஸ்டன் அந்த எண்ணெயை அமுக்கப் பார்க்கும். எண்ணெய் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அதனால தொண்டர்கள் வரிசையில் வந்து புரொப்பெல்லர் இறக்கையை ஒவ்வொருத்தரா கையால் தள்ளித் தள்ளிச் சுற்றினார்கள். ஒருத்தர் சத்தமா எண்ணுகிறார். செக்கு சுற்றுவது மாதிரியே இருந்தது. நானும் ரெண்டு தள்ளு தள்ளினேன், பயணக் கட்டணத்தில் அடக்கம் :-)

எனக்குக் கிடைத்தது பின்பக்க அறையில் இடது பக்கத் துப்பாக்கி வீரர் இருக்கை. மூக்குக் கண்ணாடிக்குள் குண்டெறிபவர் உட்காரும் இடம்தான் எல்லாருக்கும் கனவு. அதன் விலை என் இருக்கையைப்போல ரெண்டு மூணு மடங்கு, நமக்கு ஆகாது. ஆனா என் இடமும் சும்மா இல்லை. பக்கவாட்டில் குமிழி மாதிரி வெளியே பிதுங்கின கண்ணாடி. அதுக்குள்ள தலையை விட்டா முழு இறக்கையும் ரெண்டு எஞ்சினும் தெரியும். போர்க்காலத்தில் துப்பாக்கி இந்த இருக்கையில் கிடையாது என்பதுதான் விசேஷம். இங்கே இருப்பது குறி பார்க்கும் கருவி மட்டும். துப்பாக்கிக் கோபுரங்கள் விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் தனியா இருக்கும். நடுவில் ஒரு அனலாக் கம்ப்யூட்டர்! விமானத்தின் வேகம், உயரம், வெளி வெப்பம், எதிரி விமானம் நகரும் வேகம், குண்டு கீழே இறங்கும் வளைவு, குறி பார்க்கும் இடத்துக்கும் துப்பாக்கிக்கும் உள்ள தூரம் எல்லாத்தையும் போட்டுக் கணக்குப் பண்ணி, கோபுரத்தை அதுவே திருப்பும். 1944இல், டிரான்சிஸ்டர் கண்டுபிடிப்பதற்கு முன்னால். நாங்க ஒரு பட்டனை நகர்த்துறதுக்கு மூணு மீட்டிங் போடுறோம்.

எனக்குப் பக்கத்தில், வலது குமிழியில், எழுபதைத் தாண்டின ஒரு பெரியவர். அவருடைய அப்பா மரியானாஸ் தீவுகளிலிருந்து பறந்த பி-29 துப்பாக்கி வீரராம். "அப்பா இதைப்பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் எங்க உட்கார்ந்து பேசாம இருந்தார்னு பாக்க வந்தேன்" என்றார். அதுக்கு மேல நான் கேட்கவில்லை.

எஞ்சின் ஒவ்வொண்ணா இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. நாலும் பிடித்தபோது சத்தம் காதில் கேட்பது நின்று, நெஞ்செலும்பில் கேட்க ஆரம்பித்தது. முன் சக்கரத்தைத் திருப்ப வழி கிடையாது, பிரேக்கையும் எஞ்சினையும் வைத்தே வளைக்கிறார்கள், அதனால் ஓடுபாதை வரைக்கும் மாட்டுவண்டி மாதிரி ஒரு ஆட்டம். நின்ற இடத்தில் ரொம்ப நேரம் உறுமவிட்டா எஞ்சின் சூடேறிவிடும். அதனால தாமதமே இல்லை. சட்டென்று பின்னால் தள்ளியது, நீளமா, நிதானமா ஓடியது. இன்றைய ஜெட் மாதிரி மூக்கைத் தூக்கிக்கிட்டுப் பாயவில்லை. தரைதான் மெதுவா கீழே இறங்கிப் போனது.

மேலே போனதும் எழுந்து நிற்கலாம் என்று சைகை காட்டினார்கள். குமிழிக்குள் தலையை விட்டேன். கீழே மாடுகள், நீச்சல் குளங்கள், பள்ளிக்கூடப் பேருந்து. ஆயிரத்து சொச்சம் அடிதான் உயரம். நிஜமான பி-29 பறந்தது முப்பதாயிரம் அடி வரைக்கும். அதுக்காகவே மனிதர் இருக்கும் அறைகளில் காற்றழுத்தம் வைத்தார்கள். குண்டு அறைகளுக்கு அழுத்தம் வைக்க முடியாது, ஆகவே முன்பக்க அறையையும் பின்பக்க அறையையும் இணைக்க மேலே ஒரு குழாய்ப் பாதை. அதில் தவழ்ந்துதான் போகணும். இந்த அழுத்தத்தால் வந்த ஆபத்து ஒண்ணு உண்டு. 1945 ஜனவரியில் நகோயா நகரத்தின் மேல், 29,000 அடியில், ஜேம்ஸ் கிரான்ட்ஸ் என்கிற வீரருடைய குமிழி உடைந்து, உள்ளே இருந்த காற்று அவரை அப்படியே வெளியே தள்ளியது. தானே தைத்து வைத்திருந்த ஒரு பட்டையில் விமானத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டே போனார். கூட்டாளிகள் போராடி உள்ளே இழுத்தார்கள், பிழைத்தார். அவர் உட்கார்ந்திருந்தது இடது பக்கத் துப்பாக்கி வீரர் இருக்கை. நான் தலையை நீட்டிக்கொண்டிருந்த அதே இடம். என் இடுப்பு பெல்ட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இங்கே கொஞ்சம் நம்ம பக்கம் வரணும். பி-29 என்றாலே பசிபிக் தீவுகளும் ஹிரோஷிமாவும்தான் நினைவுக்கு வரும். ஆனா இது முதல் முதலா போருக்குக் கிளம்பினது இந்தியாவிலிருந்து. 1944 ஏப்ரலில் முதல் விமானங்கள் சாக்குலியாவில் வந்து இறங்கின. வழியில் கராச்சி பக்கத்து வெயிலுக்கே ஒரே வாரத்தில் அஞ்சு விமானம் விழுந்தது, எல்லாம் எஞ்சின் சூடு. கரக்பூர், சாக்குலியா, பியார்டோபா, துத்குண்டி என்று வங்காளம், பீகார் பக்கம் தளங்கள். இதில் மிட்னாப்பூர் மாவட்டம், முந்தின வருஷம்தான் வங்கப் பஞ்சத்தில் ஈக்கள் மாதிரி ஜனங்கள் செத்த பூமி. அங்கேதான் உலகத்திலேயே விலை உயர்ந்த விமானத்துக்கு கான்கிரீட் ஓடுபாதை. இந்தப் படையின் தலைமையகம் கரக்பூரின் ஹிஜ்லி சிறை முகாம் கட்டடம். 1931இல் பிரிட்டிஷ் போலீஸ் ரெண்டு அரசியல் கைதிகளைச் சுட்டுக்கொன்ற அதே இடம். 1951இல் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தொடங்கினதும் அதே கட்டடத்தில்தான். சிறை, குண்டுவீச்சுத் தலைமையகம், பொறியியல் கல்லூரி! ஜே.இ.இ.க்கு உயிரைக் கொடுத்துப் படிக்கிற பசங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1944 ஜூன் 5இல் முதல் தாக்குதல், இலக்கு பாங்காக் ரயில் பணிமனை. அப்புறம் இமயமலையைத் தாண்டி சீனாவின் செங்டுவுக்குப் போய், அங்கிருந்து ஜப்பான். ஆனா செங்டுவில் பெட்ரோல் கிடையாது. இங்கிருந்தே மலை தாண்டிச் சுமந்துகொண்டு போகணும். ஒரு தாக்குதலுக்குப் பல நடை. மோசமான நாட்களில் கொண்டுபோய்ச் சேர்த்ததைவிட வழியில் குடித்தது ஜாஸ்தி.

இலங்கைக்கும் இதில் ஒரு நாள் பங்கு உண்டு. 1944 ஆகஸ்ட் 10ஆம் தேதி, திருகோணமலை சீனக்குடா விமானத் தளத்திலிருந்து 54 பி-29கள் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கக் கிளம்பின. போய்வர 6,000 கிலோமீட்டருக்கு மேல், ராத்திரி முழுக்கக் கடல் மேல். திரும்பும்போது எரிபொருள் தீர்ந்து ஒரு விமானம் கடலில் இறங்கியது. இத்தனைக்கும் ஆலைக்குப் பெரிசா சேதமில்லை. அதுக்கப்புறம் சீனக்குடாவை பி-29களுக்குப் பயன்படுத்தவே இல்லை. 1945 தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து போனவை கோலாலம்பூரின் ரயில் பட்டறையையும் தாக்கின. மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று மலேசியத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் 10ஆம் தேதி குறி தவறி சிலாங்கூர் அருங்காட்சியகம் மேலயே குண்டு விழுந்தது.

1944 ஆகஸ்ட் கடைசியில் கரக்பூர் வந்து இந்தப் படைக்குத் தலைமை ஏற்றவர் கர்ட்டிஸ் லமே. டிசம்பர் 18இல் சீனாவின் ஹான்கோ நகரத்தில் ஜப்பானியர் வசமிருந்த பகுதியில் நெருப்புக் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். நாள் கணக்கில் எரிந்தது. அடுத்த மாதமே லமே மரியானாஸ் தீவுகளுக்கு மாற்றலாகிப் போனார். 1945 மார்ச் 9 ராத்திரி டோக்கியோவுக்கு 334 பி-29கள் கிளம்பின. உயரப் பறக்கச் செய்த விமானம், அழுத்தம் வைத்த அறை, அந்த அற்புதமான கம்ப்யூட்டர், எல்லாம் அன்னிக்கு வேண்டாத சாமான். துப்பாக்கிகளைப் பெரும்பாலும் கழற்றிவிட்டு, அந்த எடைக்கும் நேபாம் ஏற்றிக்கொண்டு, ஐயாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் இடைப்பட்ட அடி உயரத்தில் போனார்கள். மரவீடுகள். பலமான காற்று. விடிவதற்குள் 41 சதுர கிலோமீட்டர் சாம்பல். செத்தவர்கள் ஒரு லட்சம் பேர் அளவுக்கு. எரியும் வாடை விமானத்துக்குள்ளேயே வந்தது என்று போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"ஃபிஃபி யாரையும் கொல்லலியே"ன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டுத்தான் டிக்கெட் எடுத்தேன். அது உண்மைதான். ஆனா இன்னொரு உண்மையும் உண்டு. 1976இல் ஹார்லிஞ்சனில் நடந்த விமானக் காட்சியில், ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானத்தின் விமானி பால் டிபெட்ஸ் நேரில் வந்து, இதே ஃபிஃபியை ஓட்டிக் காட்டினார். கூடவே தரையில் வெடி வைத்து ஒரு பொய்க் காளான் மேகம் எழுப்பினார்கள், கூட்டம் பார்ப்பதற்கு. ஜப்பான் கடுமையா எதிர்ப்பு தெரிவித்து, அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. இதை நான் படித்தது பயணம் முடிந்து ஓட்டலுக்கு வந்த ராத்திரி. முன்னாடியே படித்திருந்தால் போயிருப்பேனா? போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் உறுத்துகிறது.

முப்பது நிமிஷம் முடிந்து இறங்கியபோது காது 'ஙொய்'ங்குது. சட்டையெல்லாம் எண்ணெய் வாடை. பெரியவர் குமிழிக் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, கடைசி ஆளாக இறங்கினார். நான் சிரித்துக்கொண்டே எடுத்த போட்டோவை ஆபீஸ் குழுவில் போட்டேன். வழக்கம்போல கைதட்டல், "செம", "பொறாமையா இருக்கு". எங்க டீமில் ஒரு ஜப்பானியர் உண்டு, என் வயசுதான். அவரிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தனியா ஒரு செய்தி: "சத்தம் பதிவு பண்ணினீங்களா?"

பண்ணியிருந்தேன். அனுப்பினேன். கேட்டுவிட்டுச் சொன்னார், "எங்க பாட்டிக்கு அப்ப எட்டு வயசு. டோக்கியோல இருந்தாங்க. பீ-நிஜூக்குன்னு சொல்லும்போது இன்னமும் குரல் மாறும். ஆனா இது உள்ளேர்ந்து எடுத்தது. அவங்களுக்கு இந்தச் சத்தம் தெரியாது."

எனக்கு என்ன பதில் எழுதுறதுன்னே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு டைப் பண்ணினேன், அழித்தேன். அவர் கோபப்படவும் இல்லை. அடுத்த நாளும் பறக்கும் நாள்தான். கிளம்ப வேண்டியவன் ஓட்டலில் இன்னொரு நாள் தங்கி, காலையில் ஓடுபாதை முனையில் கம்பி வேலி ஓரமா போய் நின்றேன். ஃபிஃபி தலைக்கு மேல போனபோது போனை உயர்த்திப் பிடித்தேன். கீழே இருந்து கேட்டால் அது உறுமல் இல்லை. நாலு எஞ்சினும் சேர்ந்து ஏறி இறங்குகிற ஒரு முனகல், வருவதற்கு முன்னாடியே வந்துவிடும், போன பிறகும் நிற்காது. அதை அனுப்பி, "பாட்டிக்குக் காட்டணும்னு இல்ல, உங்களுக்காக"ன்னு எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து காபி மெஷின் பக்கத்தில் பார்த்தார். பாட்டியே கேட்கணும்னு சொன்னாங்களாம், போட்டுக் காட்டியிருக்கிறார்.

"என்ன சொன்னாங்க?"

"முழுசா கேட்டாங்க. கேட்டுட்டு, 'இது ஒண்ணே ஒண்ணு தானே'ன்னாங்க."